டாவ் செட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியனின் சாயலில் இருக்கும் தனி விண்மீன்களில் நமக்கு மிக அருகில் இருப்பது டாவ் செட்டி. அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. கோள்களைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் முன்பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். கோள்கள் இருக்கின்றனவா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த விண்மீனின் குணத்தில்தான் இருக்கிறது.

டாவ் செட்டின்னா என்ன? கோளா, நட்சத்திரமா?

நட்சத்திரம். நம் சூரியனைப் போலவே தன் மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றி ஒளிவிடுகிற, மஞ்சள் நிற விண்மீன். திமிங்கலம் என்று பெயர்பெற்ற விண்மீன் குழுவில் இருக்கிறது. செய்திகளில் "டாவ் செட்டி இ", "டாவ் செட்டி எஃப்" என்று கடைசியில் ஓர் எழுத்து ஒட்டி வந்தால், அது அந்த விண்மீனைச் சுற்றுவதாகச் சொல்லப்படும் கோளைக் குறிக்கும். எழுத்து இல்லாமல் வந்தால் விண்மீன் மட்டும்.

மொபைல் ஆப்ல தேடினா வரமாட்டேங்குது. இதுக்கு வேற பேர் ஏதாவது இருக்கா?

சில செயலிகள் பெயரைவிடப் பட்டியல் எண்களையே எளிதில் கண்டுபிடிக்கும். 52 செட்டி, எச்டி 10700, எச்ஐபி 8102, கிளீசே 71 ஆகிய நான்கும் இதே விண்மீன்தான். எச்டி எண்ணைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வெறும் கண்ணுக்கு உண்மையிலேயே தெரியுமா, இல்ல சும்மா சொல்றாங்களா?

உண்மையிலேயே தெரியும். அதன் பிரகாச எண் 3.5. இந்த எண் கூடக் கூட ஒளி மங்கல் என்று பொருள். நல்ல இருட்டில் மனிதக் கண் 6 வரை பார்க்கும் என்பதால் 3.5 வசதியான அளவுதான். கிராமப்புற வானில் தேடவே வேண்டியதில்லை, தானாகக் கண்ணில் படும். விளக்குகள் மிகுந்த பெரிய நகரத்தின் நடுவில் இருந்தால் கஷ்டம். அங்கே பைனாகுலர் வேண்டும். நிலா முழுதாகக் காயும் இரவுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

பார்த்ததும் மலைத்துப்போகும் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. அக்கம்பக்கத்தில் ஏறக்குறைய அதே ஒளியில் இன்னும் சில விண்மீன்கள் உண்டு. எது என்று தெரிந்து பார்த்தால்தான் பார்த்த திருப்தி வரும். அதற்கு அடுத்த பதில்.

எந்த மாசம், எந்தப் பக்கம் பார்க்கணும்?

அக்டோபர் நடுவில் நள்ளிரவிலும், நவம்பர் நடுவில் இரவு பத்து மணிக்கும், டிசம்பர் நடுவில் இரவு எட்டு மணிக்கும் அது வானில் தன் உச்ச இடத்தில் இருக்கும். ஏப்ரலில் சூரியனோடு சேர்ந்து உதித்து மறைவதால் தேடிப் பயனில்லை. வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 16 பாகையில் இருப்பதால் துருவத்தை ஒட்டிய வட பகுதிகளைத் தவிர உலகின் எல்லா இடங்களிலிருந்தும் தெரியும். வெப்ப மண்டல நாடுகளில் நன்றாக மேலேறி வரும்.

வழி இதுதான். பெகாசஸ் சதுரத்தின் நான்கு மூலை விண்மீன்களை முதலில் பிடியுங்கள். அந்தச் சதுரத்தின் கிழக்குப் பக்கத்து இரண்டும் சேர்ந்ததுதான் நாம் உத்திரட்டாதி என்று சொல்வது. வடக்கு விண்மீனிலிருந்து தெற்கு விண்மீன் வழியாக ஒரு கோடு போட்டு அப்படியே தெற்கே நீட்டினால், வெறிச்சோடிய ஒரு பகுதியைக் கடந்து தனியாக ஒளிரும் ஒரு விண்மீன் வரும். அது டிஃப்டா, பிரகாச எண் 2. கோடு நேராக அதன்மேல் விழாது, சற்றுக் கிழக்கே தள்ளிப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் அதற்குப் போட்டியாக வேறு ஒளி இல்லாததால் தவற வாய்ப்புக் குறைவு. இப்போது கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடியுங்கள். டிஃப்டாவிலிருந்து கிழக்கே ஒன்றரை முட்டி தள்ளி இருக்கும் நடுத்தர ஒளி விண்மீன்தான் டாவ் செட்டி. அதற்கு வடக்கே அரை முட்டிக்குச் சற்று மேல் தூரத்தில், ஏறக்குறைய அதே ஒளியில் இருப்பது சீட்டா செட்டி. பலரும் குழம்புவது இந்த இரண்டுக்கும் இடையில்தான். தெற்கே இருப்பதே நமக்கு வேண்டியது.

டெலஸ்கோப்ல பார்த்தா பெருசா, வட்டமா தெரியுமா?

தெரியாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வாங்கி வைத்தாலும் புள்ளியாகத்தான் இருக்கும். வானில் அதன் விட்டம் ஒரு விகலையின் ஐந்நூறில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு விகலை. அந்தச் சிறு விட்டத்தையும் பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து அளந்திருக்கிறார்கள். அப்படி அளந்ததால்தான் அதன் பருமன் நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

பைனாகுலரில் பார்ப்பதில் வேறொரு லாபம் உண்டு. வெறும் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுவது அதில் இலேசான மஞ்சளாகத் தெரியும்.

எவ்வளவு தூரத்துல இருக்கு? ராக்கெட்ல போனா எத்தனை வருஷம் ஆகும்?

11.9 ஒளியாண்டு. கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 113 லட்சம் கோடி. பூமி சூரியனை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுற்றி வரும்போது பின்னணி விண்மீன்களுக்கு எதிரே டாவ் செட்டி மிகச் சிறிதாக இடம்பெயர்வது போலத் தோன்றும். அந்த இடப்பெயர்ச்சியை அளந்து கணக்கிட்ட தூரம் இது, ஊகம் கிடையாது.

வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அது டாவ் செட்டி இருக்கும் திசையில் போகவில்லை. போயிருந்தால் போய்ச் சேர 2 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். ரேடியோ அலையாக அனுப்பினால் 12 ஆண்டில் சேரும். அங்கே பதில் சொல்ல யாராவது இருந்து உடனே சொன்னாலும், கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் 24 ஆண்டு. இன்றிரவு நீங்கள் பார்க்கும் அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன.

அங்கேயிருந்து பார்த்தா நம்ம சூரியன் தெரியுமா?

தெரியும், அதுவும் வெறும் கண்ணுக்கே. 11.9 ஒளியாண்டிலிருந்து பார்த்தால் சூரியனின் பிரகாச எண் 2.6 அளவில் இருக்கும். நமக்கு டாவ் செட்டி தெரிவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒளியாக. நாம் பூட்டீஸ் என்று அழைக்கும் விண்மீன் குழு இருக்கிறதே, சுவாதி விண்மீன் இருக்கும் குழு, அந்தத் திசையில் ஒரு கூடுதல் விண்மீனாக நம் சூரியன் நிற்கும். பூமி அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது.

அது நகருதா? நம்மகிட்ட வருதா, விலகிப் போகுதா?

வருகிறது. நொடிக்கு 16 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் நெருங்குகிறது. ஆனால் நேராக நம்மை நோக்கி வரவில்லை. குறுக்கே அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. ஏறக்குறைய 43,000 ஆண்டுகள் கழித்து 10.6 ஒளியாண்டு வரை வந்து, பிறகு விலகிப் போகும். மோதல் பற்றிய பயம் வேண்டாம்.

அந்தக் குறுக்கு ஓட்டம் வானில் ஆண்டுக்கு 1.9 விகலையாகத் தெரிகிறது. ஒரு முழு நிலாவின் அகலத்தைக் கடக்க ஆயிரம் ஆண்டு போல ஆகும். கேட்க மெதுவாகத் தோன்றினாலும் விண்மீன்களில் இது பெரிய வேகம். அருகில் இருப்பதால்தான் இவ்வளவாவது தெரிகிறது.

ஆல்ஃபா சென்டாரி இன்னும் பக்கத்துலதானே இருக்கு? அப்போ இதை ஏன் பெருசா பேசறாங்க?

ஆல்ஃபா சென்டாரி 4.4 ஒளியாண்டில் இருப்பது உண்மை. அதன் முதன்மை விண்மீன் சூரியனுக்கு டாவ் செட்டியைவிட நெருங்கிய சாயல் என்பதும் உண்மை. ஆனால் அது தனி விண்மீன் இல்லை. இரண்டு பெரிய விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்ற, மூன்றாவதாக ஒரு சின்னச் சிவப்புக் குள்ளன் தொலைவில் சுற்றுகிறது. சூரியனைப் போலத் துணை இல்லாமல் தனியாக இருக்கும் அதே வகை விண்மீன் என்று தேடினால் முதலில் நிற்பது டாவ் செட்டி.

10.5 ஒளியாண்டில் எப்சிலான் எரிடானி என்ற தனி விண்மீனும் இருக்கிறது. அதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது இன்னும் குளிர்ந்த ஆரஞ்சு வகை, வயதும் 100 கோடி ஆண்டுக்குக் குறைவு. நம்முடையதைப் போல நிதானமடைந்த குடும்பத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது.

சூரியன் மாதிரின்னா எந்த அளவுக்கு? அச்சு அசலா?

இல்லை, சின்னத் தம்பி மாதிரி. நிறை சூரியனில் 78 சதவீதம், குறுக்களவு 79 சதவீதம். மேற்பரப்பு வெப்பநிலை சூரியனுக்கு 5,770 கெல்வின், இதற்கு 5,300 சொச்சம். வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் வெளிவிடும் ஒளியில் அது பெரிதாகிவிடுகிறது. டாவ் செட்டி தருவது சூரிய ஒளியில் ஏறக்குறைய பாதிதான். இந்தப் "பாதி" என்பதை நினைவில் வையுங்கள், கோள்களைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இன்னொரு பெரிய வேறுபாடு அதன் சரக்கில் இருக்கிறது. இரும்பு போன்ற கனமான தனிமங்கள் சூரியனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இதில் உண்டு. பாறைக் கோள்கள் உருவாக இந்தத் தனிமங்கள்தான் மூலப்பொருள். அதனால் ஒரு காலத்தில், இங்கே கோள்கள் இருப்பது சந்தேகம் என்றுகூடப் பலர் நினைத்தார்கள். இருக்கிற மூலப்பொருளின் கலவையும் வேறு. மக்னீசியத்துக்கும் சிலிக்கானுக்கும் உள்ள விகிதம் சூரியனைவிடக் கணிசமாக அதிகம் என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அங்கே ஒரு பாறைக் கோள் இருந்தாலும் அதன் உட்புறக் கனிமங்கள் பூமியினுடையதைப் போல இருக்காது.

அதோட வயசு என்ன? சூரியனைவிட முன்னாடியே அழிஞ்சுடுமா?

சூரியனுக்கு 460 கோடி ஆண்டு. டாவ் செட்டிக்கு அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு 580 கோடி. அதைவிடப் பல நூறு கோடி கூடுதலாகச் சொல்லும் கணக்குகளும் உண்டு. தனி விண்மீனின் வயதைக் கணிப்பது எப்போதுமே கடினம், இவ்வளவு வேறுபாடு வருவதில் ஆச்சரியமில்லை. வயது கூடியிருந்தாலும் முன்னால் அழியாது. நிறை குறைந்த விண்மீன் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கும். சூரியன் வீங்கிச் சிவந்து முடிந்த பிறகும் டாவ் செட்டி எரிந்துகொண்டிருக்கும்.

ரொம்ப அமைதியான நட்சத்திரம்னு எழுதறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

சூரியனில் 11 ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகிக் குறைகின்றன. காந்தப்புலத்தின் ஏற்ற இறக்கம் அது. டாவ் செட்டியைப் பல பத்தாண்டுகளாகக் கண்காணித்தும் அப்படி ஒரு பெரிய ஏற்ற இறக்கம் தென்படவில்லை. 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தன. டாவ் செட்டி அந்த மாதிரி ஒரு காலத்தில் இருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு.

இந்த அமைதியால்தான் மற்ற விண்மீன்களின் வேகத்தை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க வானியலாளர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கோள் தேட என்று தனியாகத் திட்டமிடாமலே இதற்கு ஏகப்பட்ட அளவீடுகள் சேர்ந்துவிட்டன. அந்தச் சேமிப்பிலிருந்துதான் பின்னால் சொல்லப்போகும் கோள்கள் எல்லாம் வந்தன.

1960ல அங்கேயிருந்து சிக்னல் வந்துச்சாமே? மறைச்சுட்டாங்களாமே?

வரவில்லை, மறைக்கவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். வேற்றுலக அறிவுயிர்கள் இருந்தால் ஹைட்ரஜன் இயல்பாக வெளிவிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசக்கூடும் என்று 1959இல் கோக்கோனியும் மாரிசனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேட்டுப் பார்க்கத் தகுந்த விண்மீன்களில் டாவ் செட்டியையும் குறிப்பிட்டார்கள். அதே எண்ணம் தனியாக ஃபிராங்க் டிரேக் என்ற இளம் வானியலாளருக்கும் இருந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிரீன் பேங்க் வானொலி ஆய்வகத்தில், 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை வைத்து 1960 ஏப்ரல் 8 அன்று கேட்க ஆரம்பித்தார். ஓஸ்மா திட்டம் என்று அதற்குப் பெயர். முதலில் திருப்பியது டாவ் செட்டியை நோக்கித்தான். அங்கிருந்து எதுவும் கேட்கவில்லை.

டாவ் செட்டி அடிவானத்தில் மறைந்த பிறகு தொலைநோக்கியை எப்சிலான் எரிடானி பக்கம் திருப்பியதும் பலமான துடிப்புகள் கேட்டன. வதந்திக்கு விதை அங்கேதான். பிறகு ஆராய்ந்ததில் அது பூமியில் இருந்தே, பெரும்பாலும் உயரப் பறந்த ஒரு விமானத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆக அந்தக் "கிடைத்த சிக்னல்" டாவ் செட்டியோடு தொடர்பே இல்லாதது. ஆனாலும் மனிதன் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்ட விண்மீன் இது என்ற பெருமையை யாராலும் பறிக்க முடியாது. விஞ்ஞானப் புனைகதைகளில் இந்தப் பெயர் இவ்வளவு அடிக்கடி வருவதற்கும் அது ஒரு காரணம்.

சனிக்கு இருக்கற மாதிரி இதைச் சுத்தியும் வளையம் இருக்காமே?

தூசியும் பனிப்பாறைத் துண்டுகளும் கொண்ட வட்டு ஒன்று இருக்கிறது. சனியின் வளையத்தோடு ஒப்பிட முடியாத அளவு பெரியது. நெப்டியூனுக்கு அப்பால் நம் சூரியனைச் சுற்றும் கைப்பர் பட்டைதான் அதற்கு இணை. 2004இல் ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான குழு ஹவாயில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியால் அதைப் படம்பிடித்தது. நம் கைப்பர் பட்டையில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பொருள் அங்கே இருப்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த அளவீடுகள் பூமி-சூரியன் தூரத்தைப் போல் ஏறக்குறைய 6 மடங்கில் தொடங்கி 50 மடங்குக்குச் சற்று மேல்வரை அது பரவியிருப்பதாகச் சொல்கின்றன.

பத்து மடங்கு வால்மீன்கள் என்றால் உள்ளே ஏதாவது கோள் இருந்தால் அதன்மேல் விழும் அடியும் அதற்கேற்பக் கூடும். டைனோசர்களை அழித்த மாதிரி மோதல்கள் அங்கே இன்னும் அடிக்கடி நடக்கலாம். உயிர் இருக்குமா என்று கேட்பவர்கள் இதைச் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கோள் இருக்கா இல்லையா? ஒரு இடத்துல அஞ்சுங்கறாங்க, இன்னொரு இடத்துல நாலுங்கறாங்க.

இரண்டு எண்ணும் இரண்டு வெவ்வேறு ஆய்வுகளில் இருந்து வந்தவை. 2012இல் மிக்கோ டுவோமி தலைமையிலான குழு, மூன்று கருவிகளில் எடுத்த 6,000க்கும் மேற்பட்ட அளவீடுகளை ஆராய்ந்து ஐந்து கோள்களின் தடயம் இருப்பதாகச் சொன்னது. பி, சி, டி, இ, எஃப் என்று பெயர். ஏறக்குறைய 14, 35, 94, 168, 642 நாள்களில் ஒரு சுற்று.

2017இல் ஃபாபோ ஃபெங் தலைமையில், டுவோமியும் சேர்ந்து, மறுபடி ஆராய்ந்தார்கள். பி, சி, டி மூன்றும் தேறவில்லை. இ, எஃப் இரண்டும் சற்று மாறிய காலக்கணக்குடன் (163, 636 நாள்) தேறின. புதிதாக ஜி (20 நாள்), எச் (49 நாள்) சேர்ந்தன. மொத்தம் நான்கு. பழைய பட்டியலையும் புதியதையும் கூட்டி "ஏழு கோள்கள்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. பின்னதை ஏற்றால் முன்னதில் மூன்றை விட்டுவிட வேண்டும்.

யாருமே கண்ணால பார்க்காத கோளை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

கோள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனும் சிறிது ஆடும். நம் பக்கம் வரும்போது அதன் ஒளி மிக நுட்பமாக நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வை நிறமாலையில் அளந்தால் ஆட்டத்தின் வேகம் கிடைக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆடுகிறது என்பதிலிருந்து கோளின் சுற்றுக்காலமும், எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதிலிருந்து நிறையும் கணக்கிடலாம்.

அளவைப் பாருங்கள். வியாழன் சூரியனை ஆட்டுவது நொடிக்கு 12 மீட்டருக்குச் சற்று மேல். பூமி ஆட்டுவது 9 சென்டிமீட்டர். டாவ் செட்டியில் சொல்லப்படும் நான்கு கோள்களும் ஒவ்வொன்றும் நொடிக்கு அரை மீட்டர் அல்லது அதற்கும் குறைவாகத்தான் ஆட்டுகின்றன. ஒரு குழந்தை தவழும் வேகம். கொதித்துக் குமுறும் ஒரு விண்மீனின் மேற்பரப்பில், 113 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, அந்த வேகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் மதிப்பு வரும் இடம் இதுதான்.

அப்போ அந்த நாலும் உறுதிதானே?

உறுதி என்று சொல்ல மாட்டேன். "கோள் எனக் கருதப்படுபவை" என்பதே சரியான சொல். காரணம் விண்மீனின் சுழற்சி. அதன் மேற்பரப்பில் இருக்கும் புள்ளிகளும் காந்தப் பகுதிகளும் விண்மீனோடு சேர்ந்து சுழலும்போது, நிறமாலையில் கோள் மாதிரியே ஒரு போலி ஆட்டத்தை உண்டாக்கும். அதனால் ஒரு கோளின் சுற்றுக்காலமும் விண்மீனின் சுழற்சிக் காலமும் அருகருகே வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

இங்கே அது இரண்டு முறை நடந்திருக்கிறது. டாவ் செட்டி 34 நாளில் ஒருமுறை சுழல்கிறது என்று முன்பு நினைத்தார்கள். 2012 பட்டியலில் இருந்த சி-யின் காலம் 35 நாள். அது பின்னால் கைவிடப்பட்டது. 2023இல் வந்த புதிய ஆய்வு சுழற்சிக் காலத்தை 46 நாள் என்று திருத்தியது. 2017 பட்டியலில் இருக்கும் எச்-இன் காலம் 49 நாள். எச் போலி என்று இதனால் மட்டும் முடிவுகட்ட முடியாது. ஆனால் அதைக் கோள் என்று தயங்காமல் எழுதுவதற்கு இனி யாருக்கும் துணிவு வரக் கூடாது. அமைதியான விண்மீன் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த அமைதிக்கும் ஓர் எல்லை உண்டு. அரை மீட்டர் வேகத்தைத் தேடும்போது சின்னச் சலனமும் பெரிதுதான்.

அது நமக்குத் தலையைக் காட்டிக்கிட்டு நிக்குதுன்னு படிச்சேன். அதனால என்ன வித்தியாசம்?

மிகப் பெரிய வித்தியாசம். அதே 2023 ஆய்வு, விண்மீனின் விட்டத்தையும் சுழற்சியையும் சேர்த்துப் பார்த்து, அதன் அச்சு நம் பார்வைக் கோட்டிலிருந்து 7 பாகை அளவே சாய்ந்திருப்பதாகச் சொன்னது. சுழலும் பம்பரத்தை நேர் மேலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி நாம் அதன் துருவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோள்களும் அதே தளத்தில் சுற்றினால் அவற்றின் இழுப்பு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும். முந்தைய பதிலில் சொன்ன முறை நம்மை நோக்கிய ஆட்டத்தை மட்டுமே அளக்கும். ஆக நாம் பார்ப்பது உண்மையான ஆட்டத்தில் ஒரு சிறு பகுதி. வெளியிடப்பட்ட நிறைகள் எல்லாம் "குறைந்தபட்சம்" என்ற குறிப்போடு வருவது இதனால்தான். இ, எஃப் இரண்டுக்கும் குறைந்தபட்ச நிறை ஒவ்வொன்றும் பூமியைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு. 7 பாகைச் சாய்வை வைத்துத் திருத்தினால் எட்டால் பெருக்க வேண்டும். 30 மடங்கைத் தாண்டிவிடும். நெப்டியூனே 17 மடங்குதான். அப்படியானால் அவை பாறை உலகங்களாக இருக்க வாய்ப்பில்லை, தடித்த வளிமண்டலம் கொண்ட பெருங்கோள்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேலே சொன்ன தூசி வட்டின் சாய்வை அளந்தவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 35 பாகை. கோள்கள் வட்டின் தளத்தில் சுற்றுகின்றன என்று எடுத்துக்கொண்டால் பெருக்க வேண்டியது 1.7ஆல் மட்டும். 4 என்பது 7 ஆகும். விண்மீனின் அச்சும் வட்டும் இப்படி ஒத்துப்போகாமல் இருப்பதே விசித்திரம். அச்சின் அளவீட்டில் பிழை எல்லையும் சிறிதில்லை. எது சரி என்பது தீரும்வரை கோள்களின் நிறையைப் பற்றி யாராவது அடித்துப் பேசினால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அச்சு இப்படித்தான் நிற்கிறது என்றால் அமைதி பற்றிய பதிலையும் சற்றுத் திருத்த வேண்டியிருக்கும். சூரியனில் கரும்புள்ளிகள் நடுக்கோட்டுக்கு இருபுறமும்தான் வரும், துருவத்தில் வருவதில்லை. துருவத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சூரியன்கூட உண்மையில் இருப்பதைவிட அமைதியாகத் தோன்றும்.

இ, எஃப் ரெண்டுலயும் தண்ணி இருக்கும், ஆளு இருப்பாங்கன்னு வீடியோல சொல்றாங்களே?

இருக்கின்றன என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இ இருப்பது பூமி-சூரியன் தூரத்தில் 0.54 பங்கில். விண்மீனின் ஒளி பாதிதான் என்றாலும் இவ்வளவு அருகில் இருப்பதால், பூமி சூரியனிடம் பெறுவதைப் போல் 1.7 மடங்கு வெப்பம் அதன்மேல் விழும். வெள்ளி பெறுவது 1.9 மடங்கு. வெள்ளியின் நிலை நமக்குத் தெரியும், ஈயம் உருகும் சூடு. எஃப் மறுமுனையில் இருக்கிறது. 1.33 மடங்கு தூரம், பூமி பெறுவதில் 28 சதவீத வெப்பம். செவ்வாய்க்கே 43 சதவீதம் கிடைக்கிறது. தடித்த கரியமில வாயுப் போர்வை இருந்தால் எஃப்-இல் நீர் உருகி நிற்கலாம் என்று கணக்குப் போட முடியும். அதற்கும் அது பாறைக் கோளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. முந்தைய பதிலைப் பார்த்தால் அதுவே நிச்சயமில்லை.

இன்னொன்று. விண்மீன்கள் வயதாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி கூடும். எஃப் நீர் நிற்கக்கூடிய மண்டலத்துக்குள் வந்ததே கடைசி 100 கோடி ஆண்டுக்குள்தான் என்று 2015 ஆய்வு காட்டியது. அதற்கு முன் பல நூறு கோடி ஆண்டு உறைந்தே கிடந்திருக்கும். "இரண்டாம் பூமி" என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதையும் நிறைச் சிக்கலையும் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டும்.

சரி, நம்ம பூமியை அப்படியே தூக்கி அங்கே வைச்சா?

இப்போதுள்ள அதே தூரத்தில் வைத்தால் பாதி ஒளிதான் கிடைக்கும், கடல்கள் உறைந்துவிடும். இன்றைய வெப்பம் வேண்டுமென்றால் 0.7 பங்கு தூரத்துக்கு நெருக்கி வைக்க வேண்டும். அப்போது ஒரு வருடம் ஏறக்குறைய 240 நாள். வானில் அந்தச் சூரியன் நாம் பார்ப்பதைவிடச் சற்றே பெரிதாக, சற்றே மஞ்சள் கூடித் தெரியும். அந்த 0.7 இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே பூமி அளவில் ஒரு கோள் இருந்தால் இன்றுவரையிலான கருவிகளுக்கு அது தென்பட்டிருக்காது. என் ஆர்வம் இ, எஃப் இரண்டையும்விட அந்த இடைவெளியில்தான்.

விண்மீனுக்கு முன்னாடி கோள் போகும்போது ஒளி குறையுமே, அப்படிப் பார்த்து முடிவு பண்ணிடலாமே?

அந்தக் கடப்பு முறைக்குக் கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் ஏறக்குறைய பக்கவாட்டில் இருக்க வேண்டும். 7 பாகையோ 35 பாகையோ, இரண்டுமே அதற்கு ஒத்துவராது. அந்தக் கோள்கள் விண்மீனின் முகத்துக்கு எதிரே வரவே வராது.

அப்போ எப்பத்தான் உறுதியா தெரியும்?

மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, அதே ஆட்ட முறையை இன்னும் கூர்மையாக்குவது. சிலியில் உள்ள வெரி லார்ஜ் தொலைநோக்கியில் பொருத்தியிருக்கும் எஸ்பிரெசோ கருவி நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்ற இலக்கோடு உருவாக்கப்பட்டது. கருவியைவிட விண்மீனின் சொந்தச் சலனம்தான் இப்போது பெரிய தடை.

இரண்டாவது, பக்கவாட்டு ஆட்டத்தை அளப்பது. வானில் விண்மீனின் இடம் நெளிவதை நேராக அளந்தால் சாய்வுக் குழப்பமே வராது. துருவத்தை நமக்குக் காட்டும் விண்மீனுக்கு இது நல்ல வழி. ஆனால் இவ்வளவு ஒளியான விண்மீனை அவ்வளவு துல்லியமாக அளப்பது தனிச் சிரமம்.

மூன்றாவது, நேரடியாகப் படம் எடுப்பது. எனக்கு நம்பிக்கை இதில்தான் அதிகம். விண்மீன் ஒளியை மறைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மங்கலான புள்ளியைப் பிடிக்க வேண்டும். சூரிய வகை விண்மீன் ஒன்றின் ஒளிக்கு எதிரே பூமி மாதிரி ஒரு கோளின் ஒளி ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. டாவ் செட்டி அருகில் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. 0.7 பங்கு தூரத்தில் இருக்கும் கோள் விண்மீனிலிருந்து 0.19 விகலை விலகித் தெரியும். எஃப் இருந்தால் அதன் விலகல் 0.36 விகலை. பெரும்பாலான விண்மீன்களுக்கு இதில் ஒரு சிறு பங்குகூடக் கிடைக்காது. சிலியின் அர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் ஆடியுடன் கட்டப்பட்டுவரும் மிகப்பெரும் தொலைநோக்கிக்கும், வாழத்தக்க உலகங்களைப் படமெடுக்க நாசா திட்டமிட்டுவரும் விண்வெளித் தொலைநோக்கிக்கும் இந்த அளவு விலகலைப் பிரித்துக் காட்டும் திறன் இருக்கும்.